ஆளை இறக்குவது கடைசியில்தான்

எங்கள் விமான நிலையத்தின் ஓடுதளத்தை நீட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்த வாரமே பாரதி போன் செய்தாள். புதுக்கோட்டைப் பெண். என்னிடம் வேலை பழகியவள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது அதைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறாள்.

“சார், கருத்துக் கேட்புக் கூட்டம் வருது. ஏர்போர்ட்ல வேலை பாத்த பெரியவங்க யாராவது நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசினா ஜனங்க கேப்பாங்கன்னு மேல சொல்றாங்க. நான் ஒங்க பேரைத்தான் குடுத்தேன்.”

“பேசுறேம்மா. ஆனா என்ன பேசுறதுங்கிறது என் இஷ்டம்.”



“சார், நமக்குச் சோறு போட்ட எடம்.”

“அதனாலதான் பேசணும்.”

பேசினேன். பேசியதிலிருந்து என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ‘வாழ்க்கை முழுக்க விமானம் அனுப்பின ஆளு, இப்ப விமான நிலையம் வளரக்கூடாதுன்னு சொல்றது நியாயமா?’ கடைத்தெருவில் கேட்கிறார்கள், பள்ளிவாசல் வாசலில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சேகு இஸ்மாயில். ஊர் கோட்டைப்பட்டினம். புதுக்கோட்டையில் இயற்பியல் படித்தேன். அத்தாவுக்கு நான் படகில் ஏற வேண்டும் என்று ஆசை. எனக்கோ அலை என்றால் வாந்தி. பக்கத்து மாவட்டத்து விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனி ஆள் எடுத்தது. மும்பைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பகலெல்லாம் கூட்டல் கழித்தல், சாயங்காலம் வடாபாவ். பரீட்சையில் தேறி ஊருக்கு வந்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே வேலை: லோடு கண்ட்ரோல்.

அது என்ன வேலை என்று என் மனைவிக்கே நிக்காஹ் ஆகிப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. விமானம் கிளம்பும் முன் அதன் மொத்த எடையைக் கணக்கிட வேண்டும். ஆட்கள், பெட்டிகள், சரக்கு, விமானம் எரிக்கும் எண்ணெய். எது முன்னால், எது பின்னால் என்று பிரிக்க வேண்டும். அதை லோடு ஷீட்டில் எழுதி நான் கையெழுத்துப் போட்டு, கேப்டனும் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். எங்கள் ஓடுதளம் நீளம் குறைந்தது. அதனால் எவ்வளவு எடையோடு எழும்பலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை நிர்ணயிக்கும் பெரிய மனிதர் வெயில். காற்று சூடானால் லேசாகிவிடும். லேசான காற்று இறக்கையைத் தாங்காது. எஞ்சினும் சோர்ந்து போகும். வெயில் ஏற ஏற நாங்கள் எடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் இந்தத் தொல்லை அக்னி நட்சத்திரத்தில் சில மத்தியானங்களில்தான் வரும். “இன்னைக்கு வெயில் நாளுடா” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சரக்கை இறக்கிவிட்டு அனுப்பிவிடுவோம். போகப் போக அது பங்குனியிலேயே தொடங்கியது. பிறகு ஆவணி முடிந்தும் விடவில்லை. ஒரு கட்டத்தில் ‘வெயில் நாள்’ என்ற பேச்சே எங்கள் அறையில் நின்றுபோனது. எல்லா நாளும் அப்படித்தான் என்று ஆனபின் அதற்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு?

இதை நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உலகம் சூடாகிறது என்று யாரோ சொல்லி நான் நம்பவும் இல்லை. நான் இறக்கிவைத்த பெட்டிகள் எனக்குச் சொல்லின.

எங்கள் நிலையத்துக்குத் தலைமை உமையாள் மேடம். திருமயம் பக்கத்து ஊர்க்காரர். அவர் வீட்டில் எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் தொழில் செய்கிறவர்கள்; இவர் ஒருவர்தான் மாதச் சம்பளத்துக்கு வந்தவர். வெளுத்த பருத்திச் சேலை, சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி. பெட்டி தூக்கும் ஆட்களைக்கூட “வாங்க, சாப்பிட்டீங்களா” என்றுதான் கேட்பார். குரல் உயர்ந்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

லோடு ஷீட்டை நீட்டினால் உடனே பார்க்கமாட்டார். என் முகத்தைப் பார்த்து, “சரியா இருக்கா?” என்பார். “சரியா இருக்கு மேடம்.” பிறகு தாளைப் படிப்பார். படித்து முடித்து மறுபடியும், “சரியா இருக்கா?” என்பார். புதிதாக வந்தவர்கள் இரண்டாவது கேள்வியில் தடுமாறி, தாளை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் கேட்பார்.

எடை கூடிப்போனால் எதை இறக்குவது என்பதில் அவருக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் சரக்கு. அடுத்து தேவைக்கு மேல் இருக்கும் எண்ணெய். அடுத்து பெட்டிகள், அவற்றைப் பிந்தைய விமானத்தில் அனுப்பலாம். ஆளை இறக்குவது கடைசியில்தான். அப்படி இறக்கவேண்டி வந்தால் அந்தச் செய்தியை அவரே போய்ச் சொல்வார். பயணியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார். கம்பெனி எழுதிவைத்திருந்த வரிசை வேறு. சரக்கு ஒப்பந்தம் பெரியது; எண்ணெய் காசு; ஆகவே மலிவு டிக்கெட்காரனை முதலில் இறக்கு. மேடம் அந்தத் தாளைக் கண்ணாடி வழியாக ஒருமுறை படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அவ்வளவுதான்.

வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களில் சில நாள் சவப்பெட்டி வரும். சாரம் சரிந்து விழுந்தவர்கள், வெயிலில் மயங்கி விழுந்தவர்கள். அதுவும் லோடு ஷீட்டில் ஓர் எடைதான். மேடம் அந்த நாட்களில் எங்களையெல்லாம் வெளியே கூட்டிக்கொண்டு போய், பெட்டி இறங்கும்வரை நிற்கச் சொல்வார். “இவங்க போன வருசம் நம்ம கையால ஏறிப் போனவங்க,” என்பார். தார்த் தரையின் சூடு செருப்புக்குள் ஏறி வரும். யாரும் நிழலுக்கு ஒதுங்கமாட்டோம்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

அக்னி நட்சத்திரம். வளைகுடா விமானம், ஒரு சீட்டு பாக்கியில்லை. பள்ளி விடுமுறை வேறு. பாதிப்பேர் வேலைக்குத் திரும்புகிறவர்கள். மீதிப்பேரில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று, நீள விடுமுறைக்குக் கடை சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள். வானிலை அறையிலிருந்து வந்த வெப்ப அளவைப் பார்த்தேன். எங்கள் அட்டவணையின் கடைசி வரியில் நின்றது. அதற்குக் கீழே தாள் வெள்ளையாக இருந்தது. அட்டவணை போட்டவர்கள் அதற்குமேல் ஒரு வெயிலை நினைத்துப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டேன். பத்துப் பதினைந்து ஆட்களின் எடை, அவர்கள் பெட்டிகளோடு சேர்த்து, அதிகம். ஏன் இவ்வளவு என்று பார்த்தால் காரணம் எண்ணெய். போகிற ஊரில் கம்பெனியின் எண்ணெய் ஒப்பந்தம் முடிந்து, அங்கே கூடுதல் விலை கேட்டார்களாம். அதனால் காலையில் அந்த விமானம் வேறொரு நகரத்தில் நின்றபோது, போய்ச் சேருவதற்கு வேண்டியதற்கு மேலே, திரும்பி வருவதற்கும் ஒரு பங்கை நிரப்பிவிட்டார்கள். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மலிவான இடத்தில் நிரப்பிக்கொண்டு போவது. அந்த உபரி எண்ணெயைச் சுமப்பதற்கே தனியாக எண்ணெய் எரியும். அந்தப் புகை யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. லாபக் கணக்குக்காக மட்டும் வானத்தில் போய்ச் சேருகிற புகை அது.

மேடத்திடம் போனேன். தாளைப் பார்க்காமலே, “எவ்வளவு கூடுதல்?” என்றார். சொன்னேன். சென்னையிலிருந்த மண்டல மேலாளருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“பேசஞ்சரை எறக்குங்க மேடம். லோ ஃபேர்லேர்ந்து ஆரம்பிங்க.”

“எண்ணெய் இருக்குதே சார். அதை எறக்கிடுறேன்.”

“டீஃபியூல் பண்ணப்போறீங்களா? அதுக்கு எவ்வளவு ஆகும்னு தெரியுமா? எறக்கின எண்ணெயைத் திரும்ப ஊத்தவும் முடியாது. ஃப்ளைட் லேட் ஆகும்.”

மேடத்தின் குரல் இறங்கியது. நான் மேஜையோரம் நெருங்கி நின்றேன்.

“சார், எண்ணெயை நீங்க ஏத்தினீங்க. நான் எறக்குறேன். அந்த ஜனங்க காட்டை மேட்டை வித்து டிக்கெட் எடுத்தவங்க.”

“உமையாள், இது ரிட்டன் இன்ஸ்ட்ரக்‌ஷன்.”

“அப்ப நீங்களும் எழுதிக் கேளுங்க. நான் எழுதிப் பதில் சொல்றேன்.” போனை வைத்துவிட்டு என்னிடம், “லாரியைக் கூப்பிடுங்க சேகு. சரக்கு ஏஜெண்டுக்கும் சொல்லிடுங்க. மீமிசல் நண்டு வந்திருக்கும், ஐஸ் போடச் சொல்லுங்க,” என்றார்.

சரக்கு இறங்கியது. எண்ணெயை இறக்குவது லேசில்லை: காலி லாரி வரவேண்டும், எண்ணெயைச் சோதித்துத்தான் வாங்குவார்கள், ஒரு ஆளும் விமானத்துக்குள் இருக்கக்கூடாது. பயணிகள் எல்லோரும் காத்திருப்புக் கூடத்தில் இருந்தார்கள். லாரிக்காரர் தன்னால் ஆனதை உறிஞ்சினார். அதற்குள் கேப்டன் கடிகாரத்தைக் காட்டினார். விமானிகள் இத்தனை நேரத்துக்குமேல் வேலை செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. அது நல்ல விதி. வெயில் தாழும்வரை காத்திருந்தால் அந்த விமானம் அன்றைக்குக் கிளம்பவே கிளம்பாது. நான் மறுபடி கூட்டினேன். சில பெட்டிகளையும் ஒதுக்கினேன். இன்னும் இரண்டு ஆள் எடை மிச்சம் இருந்தது.

மேடம் கூடத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். யாராவது நாளைக்கோ மறுநாளோ போக முடியுமா என்று கேட்டார். திருமயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகளைப் பார்க்கப் போகிறவர், உடனே எழுந்தார். “எனக்கு என்னங்க அவசரம்? சீட்டு இருக்கிறப்ப ஏத்திவிடுங்க,” என்றார். சுற்றுலாக் கூட்டத்துக்காரர்களிடமும் மேடம் உட்கார்ந்து பேசினார். ஓட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று என்றார்கள். “ஒருத்தர் மட்டும்” என்றார் மேடம். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கம்பெனி வரிசைப்படி பார்த்தால் அடுத்து இறங்கவேண்டியவர் முனியசாமி. மீமிசல்காரர், வெல்டர், முதல் பயணம். அவருடைய விசாவில் நாட்டுக்குள் நுழையக் கடைசித் தேதி அன்றுதான். அன்று போய் இறங்காவிட்டால் அந்த வேலையும் போகும், ஏஜெண்டிடம் கட்டியதும் போகும். நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி என் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

கலீல் மச்சான். என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். வேலையில் சேர அவருக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது என்னிடம்தான் சொன்னார்: இந்த முறை ஃபோர்மேன் ஆக்குகிறார்கள், ரெண்டு நாள் முன்னால் போய் நின்றால் நல்லது என்று.

மேடத்துக்கு அவர் என் மச்சான் என்று தெரியாது. நான் நேரே போய் அவர்முன் நின்றேன்.

“மச்சான், நீங்க இன்னைக்குப் போகல.”

“என்னது?”

“எடை கூடிப்போச்சு. ஒங்களுக்கு நாளிருக்கு. அந்தாளுக்கு இல்ல.”

“டேய், சுத்தி இவ்வளவு பேர் இருக்காங்க. ஒன் கண்ணுக்கு நான்தான் தெரிஞ்சேனா?”

“ஒங்களைப் பத்தித்தான் எனக்குத் தெரியும் மச்சான். மத்தவங்களைப் பத்தித் தெரியாது.”

அவர் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். கைப்பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். முனியசாமி ஏறினார். கேப்டன் கையெழுத்துப் போட்டார். விமானம் ஓடுதளத்தின் கடைசி முனைவரை ஓடி, தட்டுத் தடுமாறி எழும்பியது. கானல் அதன் சக்கரத்தை விழுங்கியது.

விடுமுறைக் கூட்டத்தில் மச்சானுக்குச் சீட்டுக் கிடைக்கப் பல நாளாகிவிட்டது. ஃபோர்மேன் வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. சாதாரண ஆளாகவே இருந்து, சாதாரண ஆளாகவே திரும்பி வந்தார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ராத்தாவைப் பார்த்துவிட்டு வருவேன். ராத்தா டீ கொடுக்கும், முகத்தைப் பார்க்காது.

சென்னையிலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ‘மனிதர்களுக்காக இயக்கப்படும் விமானம் என்பதால் மனிதர்களை ஏற்றினேன்’ என்று மேடம் பதில் எழுதினார். கொஞ்ச நாளில் அவரை வேறொரு ஊரின் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். போகும்போது ஒரு சொல் புலம்பவில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. அதற்காக யாரிடமும் போய் நிற்கவில்லை. இன்றைக்கும் அந்த மத்தியானத்தை மறுபடி கொடுத்தால் அதையே செய்வேன்.

பிறகு எங்கள் நிலையம் வளர்ந்தது. புதுக் கட்டடம், கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம். கூரைமேல் சூரியத் தகடு பதித்து, ‘பசுமை’ என்று பெரிய பலகை வைத்தார்கள். விளக்கு எரிவதற்கும் ஏசி ஓடுவதற்கும் கணக்குக் காட்டினார்கள். எதிரே நிற்கும் விமானம் குடித்துவிட்டுப் போகும் எண்ணெய் அந்தப் பசுமைக் கணக்கில் சேராது. அந்தப் பலகையின் கீழே நின்றுதான் நான் ஓய்வு பெறும்வரை பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கீரனூர் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. மேடையில் அதிகாரிகள். முன்வரிசையில் பாரதி. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் ஒரு வேன் பிடித்துக் கடற்கரைப் பக்கமிருந்து ஆதரவு சொல்ல வந்திருந்தார்கள். அந்த வேனிலிருந்து மச்சானும் இறங்கினார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போனார்.

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்தான் முதலில் எழுந்தார். “எங்க கண்மாய் வரத்து வாய்க்கா நீங்க ஓடுதளம் நீட்டுற எடத்துல ஓடுது. அதை எங்கிட்டுத் திருப்பப் போறீங்கன்னு ஒருத்தரும் சொல்லலை,” என்றார். அவர் முடிப்பதற்குள் நேரமாயிற்று என்று மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். நான் பாரதி கொடுத்த பெயர் அல்லவா.

“வாய்க்காலைப் பத்தி அந்தம்மா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க,” என்று ஆரம்பித்தேன். “ஓடுதளத்தை எதுக்கு நீட்டுறீங்கன்னு நான் சொல்றேன். பெரிய விமானம் வரும்னு சொன்னீங்க, சரி. இன்னொண்ணைச் சொல்லலை. காத்து சூடாயிருச்சு. பழைய நீளத்துல எழும்ப முடியலை. அதனால நீட்டுறீங்க. நீட்டினா விமானம் பெருகும், புகை பெருகும், காத்து இன்னும் சூடாகும். அப்பறம் மறுபடியும் நீட்டணும். எங்க வரைக்கும் நீட்டுவீங்க? கோட்டைப்பட்டினம் கடல் வரைக்குமா?”

சிலர் கை தட்டினார்கள். நடுவிலிருந்து ஒரு குரல் எழும்பியது. மச்சான்.

“இவன் யாருன்னு தெரியுமா ஒங்களுக்கெல்லாம்? அன்னைக்கு வெயிலு ஜாஸ்தின்னு சொந்த மச்சானையே ஏத்தாம விட்டவன்! இன்னைக்கு ஊரையே ஏத்தாம விடப் பாக்குறான்! எம் மகன் அங்கிட்டுக் கெடக்கான். இன்னும் நாலு பிளேன் வந்தாத்தான் டிக்கெட் வெல எறங்கும்.”

மண்டபமே சிரித்தது. மேடையிலிருந்தவர்களும் சிரித்தார்கள். பாரதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமா, ஏத்தாம விட்டேன்,” என்றேன். “இன்னைக்கும் விடுவேன். ஆனா அன்னைக்கு ஒங்களை எறக்கினது எது தெரியுமா மச்சான்? காசு மிச்சம் பிடிக்கத் தேவையில்லாம ஏத்தியிருந்த எண்ணெய். அது பாதி எறங்கிச்சு, பாதி பறந்து போச்சு. சும்மா சுத்திப் பாக்கப் போனவங்க பறந்து போனாங்க. நீங்க தரையில நின்னீங்க. ஒங்க மகன் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை வாரான். அவன் புகை என்ன புகை? வாராவாரம் பறக்கிறவன் புகையையும் அவன் புகையையும் ஒண்ணாச் சேத்துக் கணக்குப் போடுறாங்க. போதும், குறைங்கன்னு நாளைக்கு ஒரு நாள் உத்தரவு வரத்தான் போகுது. அப்ப யாரை மொதல்ல எறக்குவாங்க? மலிவு டிக்கெட்காரனைத்தான். நான் கண்ணால பாத்தவன். அதுக்கு முன்னாடி எறக்க வேண்டியதையெல்லாம் எறக்குங்கன்னு கேக்குறேன். தேவையில்லாத எண்ணெயை எறக்குங்க. ரயில்ல போற தூரத்துக்கு விடுற விமானத்தை எறக்குங்க. வேலைக்குப் போறவன் கடைசியில. வாய்க்காலும் வயலும் அவனுக்கும் பின்னால.”

மைக்கைக் கேட்டு ஒருவர் கை நீட்டினார். நான் கொண்டுபோய் அந்தக் குன்றாண்டார்கோவில் பெண்ணின் கையில் கொடுத்தேன். “ஒங்க பேச்சு பாதியில நிக்குது, முடிங்கம்மா,” என்றேன். மேடையிலிருந்தவர் ஏதோ சொல்ல எழுந்தார். மண்டபத்தில் சத்தம் கூடியது. அந்தப் பெண் முடிக்கும்வரை யாராலும் மைக்கை வாங்க முடியவில்லை.

வெளியே பாரதி வந்தாள். “என்னை மாட்டி விட்டுட்டீங்க சார்,” என்றாள்.

“ஆமா. நீ லோடு ஷீட்ல கையெழுத்துப் போட்டுப் பழகின ஆளு. மாட்டிக்கிட்டாத்தான் வேலை.”

அவள் சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டும் போகவில்லை. “அந்த வெயில் அட்டவணையை மாத்திட்டாங்க சார். இப்ப இன்னும் ரெண்டு வரி கூட இருக்கு. ரெண்டாவது வரி வரைக்கும் வந்தாச்சு,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

புதுக்கோட்டைக்கு வந்து, அறந்தாங்கி வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரும்போது ஒருவர் ஓடிவந்து ஏறி, பக்கத்தில் பொத்தென்று அமர்ந்தார். மச்சான். வேனை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஊர் எல்லை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். 

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கு நானே எறங்கியிருப்பேன்ல? நீ வந்து நின்ன நிப்பும் சொன்ன சொல்லும்தான் எனக்கு ஆறல.”

“கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க மச்சான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறந்தாங்கி வந்தது, கூட்டம் இறங்கி, கூட்டம் ஏறியது. பஸ் மறுபடி கிளம்பியபோது, “சொல்லியிருப்பேன்தான்,” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இத்தனை வருடத்தில் முதல் சிரிப்பு.

வளைகுடாவிலிருந்து வந்த காசில் மச்சான் ஒரு படகில் பங்கு வாங்கியிருக்கிறார். அதைப் பற்றி விசாரித்தேன்.

“அதை ஏன் கேக்குறே? வலை பூரா சொறி, அந்தக் கூழு மாதிரி ஜெல்லி மீனு. பிச்சு எறியவே நாள் பத்தல. தண்ணியில கையை வச்சா ஒலைத் தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. மீனு ஆழத்தைப் பாத்துப் போயிருச்சு. டீசலு போட்டுத் தொரத்திக்கிட்டுப் போகணும்.” கொஞ்சம் நிறுத்தி, “அதுவும் இந்தக் கணக்குல வருமா?” என்றார்.

“வரும்.”

“அப்ப இன்னைக்கு ஒருத்தனும் கடலைப் பத்திப் பேசலையே. நீ கூட ஒரு நக்கலுக்குச் சொன்னதோட சரி.”

“நான் கடலுக்குப் போறவன் இல்லையே மச்சான்.”

ஜன்னல் வழியாக உப்புக் காற்று அடிக்கத் தொடங்கியது. ஊர் நெருங்க நெருங்க அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடுத்த கூட்டம் எப்ப?”

“தேதி சொல்லல. ஆனா கூட்டம் முழுசா முடியலைன்னு எழுதிவச்சிருக்காங்க, இன்னொண்ணு வச்சாகணும்.”

“நான் பேசுறேன். ஒனக்காகப் பேச வாரேன்னு நெனைச்சுக்காதே. எம் மகனுக்கு டிக்கெட் வெல எறங்கணும், அதையும் கேப்பேன். கடலையும் கேப்பேன்.”

“ரெண்டையும் கேளுங்க.”

“மைக்கைப் புடுங்க வந்தா?”

“நான் முன்னாடி வந்து நிக்கிறேன்.”

“நிக்கிறது ஒனக்கு நல்லாத்தான் வருது,” என்றார் மச்சான். கோட்டைப்பட்டினம் என்று கண்டக்டர் கத்தினார். அவர் முதலில் இறங்கி, வீட்டுக்கு வா என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.